இன்டர்வியூவில் நான் சொன்ன ‘வாங்க’

எங்கள் பக்கத்தில் யார் வந்தாலும் முதலில் ‘வாங்க’ சொல்லிவிட வேண்டும். கையில் மாவு ஒட்டியிருந்தாலும் சரி, அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒருத்தருக்குச் சொல்ல விட்டுப்போனால் பத்து வருடம் கழித்து ஏதாவது கல்யாணப் பந்தியில் அதைச் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் ஆளைக் கண்டதும் அந்த வார்த்தை எனக்குத் தானாக வந்துவிடும். அன்றைக்கு என் மானம் போனதும் அதனால்தான்.

பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டேன். ஒரே வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். எட்டு வருடம் ஓடிவிட்டது. பெண்கள் இரண்டு பேரும் மூன்றாம் வகுப்புக்குப் போன சமயத்தில், கோயமுத்தூரில் வேறொரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்குக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. உடனே விண்ணப்பம் போட்டேன்.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பை என் கணவர் பார்த்துக்கொள்கிறார், என்னையும் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார். ஆனாலும் எனக்கு அந்த வேலை வேண்டும். ஒரு பம்ப் சரியாக இருக்கிறது என்று என் கையெழுத்தில் வெளியே போவதில் ஒரு கெத்து உண்டு. அது இல்லாமல் எனக்கு என்னவோ போல் இருந்தது. வயது முப்பத்தெட்டு. இந்த முறை கிடைக்காவிட்டால் இனி யாரிடமும் போய் நிற்பதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

அங்கே நிரப்பக் கொடுத்த தாளில் ‘இடைவெளிக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு விரல் அகலம்கூட இல்லை. இரட்டைப் பிள்ளைகளை அதற்குள் எப்படி அடைப்பது? ‘குடும்பம்’ என்று எழுதிவிட்டு, வந்த கோபத்தில் பேனாவை மூடாமல் பைக்குள் போட்டேன். புதுப் பை முழுக்க மை.

பெயரைக் கூப்பிட்டதும் கதவைத் திறந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பக்கத்தில் எச்.ஆர். பெண். இரண்டு பேரும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

“வாங்க, வாங்க. உக்காருங்க” என்றேன்.

உட்கார்ந்திருந்தவர்களை உட்காரச் சொன்னேன். எச்.ஆர். பெண் தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மேனேஜர் பாதி எழுந்தேவிட்டார். இவரும் நம் பக்கத்து ஆள்தான் என்று அப்போதே தெரிந்தது. வெளியூர்க்காரர் என்றால் அசைந்திருக்க மாட்டார். பிறகு சமாளித்து உட்கார்ந்து, படிப்பு, பழைய வேலை எல்லாம் கேட்டார். கடைசியில், எட்டு வருடமும் வீட்டில் சும்மாதான் இருந்தீர்களா என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்துவிட்டது.

“ரெட்டைப் புள்ளைகளுங்க. சும்மா இருக்கலாம்னுதானுங்க வேலைக்கே வந்திருக்கறேன்.”

எச்.ஆர். பெண் வாய்விட்டே சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. டெஸ்டிங்கைக் காட்டுகிறேன் என்று எழுந்தார்.

என் காலத்தில் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவோம். இங்கே எல்லாம் கம்ப்யூட்டர் திரையில் கோடு கோடாக ஓடியது. இது தெரியாது, சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவரே மோட்டாரைப் போட்டுவிட்டு, திரையைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். என் காது அவர் பேச்சில் இல்லை, பம்பின் சத்தத்தில் இருந்தது. எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஃபுட்வால்வு சரியில்லை, நிறுத்தினால் குழாய்த் தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே இறங்கிவிடும். எட்டு வருடமாகத் தினமும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து பம்புக்குள் ஊற்றித்தான் அதை ஓட்டுகிறேன். தண்ணீர் இல்லாமல் பம்ப் வெறுமனே சுற்றுகிற சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என்னை அறியாமல் எட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டேன்.

“தண்ணி ஊத்தாமயே போட்டுட்டீங்க” என்றேன்.

பம்பின் மூடியைத் திறந்து பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. பேச்சு மும்முரத்தில் மறந்திருக்கிறார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. சொல்லி அனுப்புகிறோம் என்று மட்டும் சொன்னார்.

மேனேஜரை உட்காரச் சொல்லி, எதிர்த்துப் பேசி, அவர் போட்ட மோட்டாரை அவர் கண்ணெதிரே நிறுத்தினால் யார் வேலை கொடுப்பார்கள்? பஸ்ஸில் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னபோது என் கணவர் தேங்காய்க் குவியல்மேல் உட்கார்ந்து சிரித்தார். “அவரையே உக்காரச் சொல்லிப்போட்டயா அம்மணி?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாள் கழித்து, அதே கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். குடத்தைப் போட்டுவிட்டு நான் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மூன்று பேரும் வாய்க்கால் சேற்றில் குதித்தோம். அன்றைக்குத் தென்னைக்குத் தண்ணீர் பாயவே இல்லை.

திங்கட்கிழமை டெஸ்டிங் அறை வாசலில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். மறுபடியும் ஏதாவது சொல்லித் தொலைத்துவிடக் கூடாதே. மேனேஜர் என்னைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கே வந்தார்.

“வாங்க” என்றார். “அன்னைக்கு நீங்க முந்திக்கிட்டீங்க. இது நாங்க சொல்ல வேண்டியதுங்க.”

எட்டு வருடமாக வாசலில் நின்று எத்தனையோ பேருக்கு ‘வாங்க’ சொல்லியிருக்கிறேன். எனக்கு அதை யாரும் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்? அதை ஒரு குறையாக நான் நினைத்ததுகூட இல்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, அதற்காக எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

“வந்துட்டனுங்க” என்றேன், ஓடுகிற பம்புக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்றா என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே.