ஆமென்று ஆடிய தலை

நல்லம்மாள் பாளையங்கோட்டையில் நர்ஸ் பயிற்சி முடித்து, 1938-ல் கப்பலேறி மலாயாவின் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். வந்த புதிதில் இந்த ஊரின் ஒவ்வொரு வழக்கமும் அவளோடு மல்லுக்கு நின்றது. பிள்ளை பெற்ற சீனப் பெண் ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் காட்ட மாட்டாள். மலாய்த் தாய் சூடேற்றிய கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் வைத்துக்கொள்வாள். தோட்டத்துத் தமிழர்களோ உடம்பு சரியில்லை என்று சொல்லாமல், "சாக்கிட்டு மிஸ்ஸி" என்று மலாயைக் கலப்பார்கள். நர்ஸுக்கு அங்கே மிஸ்ஸி என்று பெயர். சண்டை போட்டு, சலித்து, எல்லாவற்றுக்கும் பழகிப்போனாள். 1942-ல் ஊரைப் பிடித்த ஜப்பான்காரனுக்கு மட்டும் அவள் பழகவில்லை.

1943-ல் வந்த ராணுவ டாக்டர் இரண்டு சட்டம் போட்டான். அவன் வார்டுக்குள் நுழைந்தால் இடுப்பு வரை குனிய வேண்டும். அவன் நோயாளிகளைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கேட்ட கேள்விக்குத் தலையால்தான் பதில். கன்னத்தில் அறைவது அவர்களுக்குள் அன்றாடக் காரியம். மேலதிகாரி அவனை அறைவான். அவன், காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸர் ஜெய்னுலாபுதீனை அறைவான். அறைந்த கையாலேயே பிறகு சிகரெட்டும் நீட்டுவான். அதை ஜெய்னுலாபுதீன் வாங்கிக் காதில் செருகிக்கொள்வதைப் பார்த்தால் நல்லம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டங்களில் ஆள் குறைந்ததும் வார்டுக்கே வந்துவிட்டார்கள். சுகமாகிவிட்டான் என்று டாக்டர் முடிவு செய்தால் கட்டில் காலில் சுண்ணாம்புக் கோடு விழும். கோடு விழுந்தவன் லோரியில் ஏற வேண்டும்.

அய்யாவு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். மலேரியாக் காய்ச்சலில் கிடந்தான். "சுகமாகாம உன் வீட்டுக்காரரை வெளியே விடமாட்டேன், போ" என்று அவன் மனைவி வீரம்மாவிடம் நல்லம்மாள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அன்று காலை டாக்டர் அவன் கட்டிலருகே நின்றான்.

"சாக்கிட்?"

அய்யாவு ஆமென்று தலையை ஆட்டினான், நாமெல்லாம் ஆட்டுவதுபோல இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக. டாக்டர் நல்லம்மாள் பக்கம் திரும்பினான்.

"சாக்கிட்?"

அவளும் ஆமென்று ஆட்டினாள், அழுத்தமாகவே.

"பைக்," என்றான் டாக்டர். நல்லாயிருக்கிறான் என்று பொருள். இரண்டு பேரும் இல்லையென்று தலையசைத்ததாகவே அவன் கண்ணுக்குப் பட்டது. கோடு விழுந்தது.

"இல்லை! சாக்கிட்! சாக்கிட்!" என்று நல்லம்மாள் கத்தினாள். வாய் திறந்ததற்கு அறை விழுந்தது.

டாக்டர் போனபின் ஜெய்னுலாபுதீன் ஈரத்துணியோடு வந்தார். "எத்தன தடவ சொல்லியிருக்கேன் மிஸ்ஸி? நம்ம கழுத்துல எலும்பு இல்ல, ஸ்பிரிங்தான் இருக்குன்னு அவன் நெனப்பு. மேலயும் கீழயும் ஆட்டினாத்தான் அவனுக்கு ஆமா."

"தெரியும்! தெரிஞ்சும் இந்தப் பாழாப்போன கழுத்து ஆடிருச்சே!"

"மெதுவா பேசுங்க லா. இன்னொண்ணு விழும்."

"விழட்டும். சிகரெட்டும் வரும்ல? உங்கள மாதிரி காதுல செருகிக்கிறேன்."

ஜெய்னுலாபுதீன் காதிலிருந்த சிகரெட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் லோரி வந்தது. நல்லம்மாள் டாக்டருக்கு முன்னால் போய், அவன் சட்டப்படியே இடுப்பு வரை குனிந்து நிமிர்ந்தாள். பிறகு அய்யாவுவின் தாடையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துக் காட்டினாள். தன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று அரைகுறை மலாயில் சொன்னாள். டாக்டரின் கையை இழுத்து அய்யாவுவின் நெற்றியில் வைத்தாள். நெற்றி கொதித்தது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. தானும் ஒருமுறை தலையைத் தோளுக்குத் தோள் சாய்த்துப் பார்த்து, புது விளையாட்டைக் கண்ட பிள்ளைபோலச் சிரித்தான். அவளிடம் ஒரு சிகரெட்டை நீட்டினான். மறுகையால் அய்யாவுவுக்கு லோரியைக் காட்டினான். லோரியில் இன்னும் இடம் இருந்தது.

புரியாமல் அனுப்பியிருந்தால் ஒருவேளை அவள் ஆறியிருப்பாள். சிகரெட்டைத் தட்டிவிட்டாள். இரண்டாவது அறையும் விழுந்தது. லோரி நகர்ந்தபோது, "வீரம்மாகிட்ட சொல்லிருங்க மிஸ்ஸி" என்றான் அய்யாவு. பழக்கத்தில் சாயப்போன தலையைப் பல்லைக் கடித்து நிறுத்தி, "சொல்றேன்" என்றாள்.

மறுநாள் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கோடு வீரம்மா வந்தாள். நல்லம்மாள் எதையும் மறைக்கவில்லை.

"நீங்களுமா தலைய ஆட்டினீங்க?"

"நானும்தான்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி, மொதல்லயே!"

கிழங்குப் பொட்டலத்தைக் கட்டிலில் வீசிவிட்டு வீரம்மா போனாள். 1945-ல் ஜப்பான்காரன் ஒழிந்தான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அய்யாவு வரவில்லை.

நல்லம்மாள் கிள்ளானிலேயே தங்கிவிட்டாள். அதன்பிறகு அவள் தலையசைத்து யாரும் பார்த்ததில்லை. கல்லுக்கழுத்து மிஸ்ஸி என்று அவளுக்குப் பெயரே விழுந்துவிட்டது. ஒருநாள் பாசாரில் மீன்காரன், "வேணுமா வேணாமா, தலையாச்சும் ஆட்டுங்களேன் மிஸ்ஸி!" என்று கேலி செய்தான்.

"வாயிருக்கில்ல எனக்கு?" என்று சீறினாள். "கேட்டுக்க. வேணும்!"

பாசாரே திரும்பிப் பார்த்தது.