ஐந்தாவது கொடி

பூகோள டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘அளவுகோல்’. அது அவர் காதிலும் விழுந்திருந்தது, கண்டுகொள்ளவில்லை. கணவர் கடைக்குப் போய்விட்டு வந்தால்கூட எந்த வழியாக வந்தார் என்று விசாரிக்கிற ஆள் அவர்.

பள்ளிகளுக்கிடையே நடக்கும் ஓரியன்டீரிங் போட்டிக்குப் பதினெட்டு வருடமாகத் தடம் போடுகிறவரும் அவர்தான். வரைபடத்தையும் திசைகாட்டியையும் கொடுத்துப் பிள்ளைகளைக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். படத்தில் குறித்த இடங்களில் கொடிகள் தொங்கும். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அங்கே இருக்கும் கருவியால் அட்டையில் துளை போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். கொடி எங்கே என்று டீச்சர் தன் பள்ளிப் பிள்ளைகளிடம்கூட மூச்சு விடமாட்டார். அப்படியும் இந்த வருடம் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் கோப்பை. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை, ஆனால் முகத்தை இறுக்கமாகவே வைத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தவள் வேறு பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெண். முழங்கால்வரை சேறு. அட்டையில் ஐந்தாவது கட்டம் காலி.

“மூணாவது ஓடை வளைவுல கொடி இல்ல டீச்சர்.”

“எல்லாருக்கும் கெடச்சுது, உனக்கு மட்டும் கெடைக்கலையா? படத்த ஒழுங்கா பாக்கணும்மா.”

பட்டியலில் அவள் பெயரை அடித்தார்கள்.

பரிசளிப்புக்கு ஒரு மணி நேரம் இருந்தது. கொடிகளைக் கழற்றிவரக் கிளம்பிய டீச்சர், ஐந்தாவதற்குப் போகும் வழியில் நின்றுவிட்டார். கால் நனையாத அளவுக்கு வற்றிப்போன ஒரு ஓடை. படத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. முந்தின நாள் கொடி கட்ட வந்தபோது, மழையில் புதிதாக ஓடிய தண்ணீரையும் அவர் ஒரு ஓடையாகக் கணக்கில் சேர்த்துவிட்டார். கொடியை இரண்டாவது ஓடையிலேயே கட்டியிருக்கிறார். முதலில் போனவள் எதேச்சையாக அதைப் பார்த்திருப்பாள். மற்றவர்கள் காலடித் தடத்தைப் பிடித்தே போயிருக்கிறார்கள்.

உண்மையான மூன்றாவது ஓடைவரை நடந்தார். வளைவில் ஒரே ஒருத்தியின் காலடிகள். சுற்றிச் சுற்றி வந்திருந்தன.

கொடியைச் சுருட்டிப் பையில் போட்டால் விஷயம் முடிந்தது. யாரும் இங்கே வந்து பார்க்கப்போவதில்லை. சிறிது நேரம் அப்படித்தான் நினைத்தார், அதில் பொய்யில்லை. பிறகு திரும்பிப் போய்த் தலைமை நடுவரிடம் சொன்னார். போட்டி செல்லாது என்று அறிவித்தார்கள். கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்த அவருடைய பிள்ளைகள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் பக்கம் பார்க்காமலே போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண் வாசலில் வேனுக்குக் காத்திருந்தாள்.

“நீ நின்ன எடந்தான் சரி. கொடிய நான்தான் தப்பா கட்டிட்டேன்,” என்றார் டீச்சர்.

அவள் ஷூவின் சேற்றைப் படிக்கட்டில் தேய்த்தாள்.

“அரை மணி நேரம் அங்கயே நின்னேன் டீச்சர். திசைகாட்டி சரி, படம் சரி, எனக்குத்தான் மூளை இல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“மன்னிச்சுக்கம்மா.”

வேன் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.