முப்பத்தாறு வாய்களும் ஒரு கையெழுத்தும்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளே கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் வைத்த பெயர் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது: பல்லக்கா. எழுபது வயதுக்காரருக்கும் அவள் அக்காதான்.

தெருத் தெருவாக, பள்ளி பள்ளியாகப் போய் வாய் பார்ப்பது அவள் வேலை. கையில் ஒரு தகரப் பெட்டி. அதன் மூடிக்கு உட்புறம் இரண்டு பட்டியல்கள் ஒட்டியிருக்கும். பச்சைத் தாளில் இருப்பதை அவள் செய்யலாம். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கலாம், சின்னச் சொத்தையைக் கையாலேயே சுரண்டி அடைக்கலாம், ஆடுகிற பால் பல்லை எடுக்கலாம். சிவப்புத் தாளில் இருப்பதைத் தொடவே கூடாது. ஊசி கூடாது, நிலைத்த பல்லைப் பிடுங்கக் கூடாது, மாத்திரை எழுதக் கூடாது, நோய்க்குப் பெயர் சொல்லக் கூடாது. சந்தேகமாக எதைப் பார்த்தாலும் மேற்பார்வை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் மாதம் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விஷயம் மட்டும் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பொடி எழுத்தையெல்லாம் படிக்க டாக்டருக்கு ஏது நேரம்?

"ஒரே ஒரு பல்லுதானேக்கா, ஒரு இழுப்பு இழுத்து விடேன்" என்று சலவைக்கடைக்காரர் கெஞ்சுவார். அவள் தன் வாயைத் திறந்து, இடது பக்கம் கீழே இருக்கிற ஓட்டையைக் காட்டுவாள்.

"இதைப் பிடுங்கினவரும் ஒரே ஒரு பல்லுதானேன்னுதான் சொன்னாரு."

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. மருந்துக்கடைக்காரர் குறடும் கையுமாக வந்தார். இழுத்த வேகத்தில் நல்ல பல் அவர் கையில் இருந்தது. சொத்தைப் பல் இருந்த இடத்திலேயே இருந்தது. கடைக்காரர் அசடு வழிந்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், அவளால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அந்த ஓட்டையை அவள் இன்றுவரை அடைக்கவில்லை. தெரியாத வேலையில் கை வைக்கிறவர்கள் மீது அவளுக்கு இருக்கிற ஆத்திரத்துக்கு அதுதான் அத்தாட்சி.

இப்படிப்பட்டவள்தான் போன வருடம் ஒரு தப்பு செய்தாள். டாக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள் வந்தது. ஒவ்வொன்றிலும் 'நேரில் பார்த்தேன், அவசரம் ஏதுமில்லை' என்று அச்சடித்திருந்தது. கீழே டாக்டரின் கையெழுத்து. பெயர் எழுத வேண்டிய கோடு மட்டும் காலி. எல்லாப் பகுதியிலும் இதுதான் வழக்கம் என்றார்கள். பிள்ளைகளின் சொத்தைப் பல்தானே, என்ன வந்துவிடப்போகிறது என்று அவளும் கண்ணை மூடிக்கொண்டு பெயர்களை நிரப்பினாள். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. அதோடு மறந்தும் போனாள். எல்லோரும் மறப்பது போலத்தான்.

இந்த வருடம் தையல்காரர் வந்தார்.

கோட் தைப்பதில் கெட்டிக்காரர், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரர். தையல் இயந்திரம் நின்றாலும் அவர் வாய் நிற்காது. நாக்கில் ஏதோ உறுத்துகிறது என்று அவளிடம் காட்டினார். நாக்கின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு திட்டு, நடுவில் ஒரு புண்.

"எத்தனை நாளா இருக்கு?"

"அது கிடக்கு மூணு வாரமா. வலியே இல்லக்கா."

வலியே இல்லை என்றதும் அவள் அவர் நாக்கை மறுபடி திருப்பிப் பார்த்தாள். பயிற்சியில் காட்டிய படம் கண்முன் வந்து நின்றது. பெயர் நாக்கு நுனிவரை வந்தது, சொல்ல உரிமையில்லை. சிவப்பு மையில் 'மூன்று வாரமாக ஆறாத புண், டாக்டர் உடனே பார்க்கவும்' என்று எழுதி அனுப்பினாள். டாக்டரின் கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுக்கூடக் கிடைக்காது. தையல்காரரை டாக்டரின் அலுவலகத்துக்கே அனுப்பிப் பார்த்தாள். "டாக்டரே உங்க தெருவுக்கு வருவாரு" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டருக்கே போன் செய்தாள். "அடுத்த வாரம் வர்றேம்மா" என்றார். அப்படிப் பதினோரு தடவை 'அடுத்த வாரம்' சொல்லியே இரண்டு மாதத்தைக் கழித்தார்.

டாக்டர் வரவில்லை. உறைதான் வந்தது. டாக்டர் பார்க்க வேண்டுமென்று இந்த வருடம் அவள் எழுதி அனுப்பிய முப்பத்தாறு பேருக்கும் முப்பத்தாறு தாள்கள், முப்பத்தாறு கையெழுத்துகள்.

"வெள்ளிக்கிழமை மேலிடத்துலேர்ந்து தணிக்கைக்கு வர்றாங்களாம்" என்றார் கொண்டுவந்த அலுவலக உதவியாளர். "பேரை மட்டும் நிரப்பி அனுப்பச் சொன்னாரு. அப்புறம், உங்க உரிம அட்டை இந்த மாசத்தோட முடியுதுல்ல? அதையும் அவர்தான் புதுப்பிக்கணும். ஞாபகப்படுத்தச் சொன்னாரு."

இதற்கு மிரட்டல் என்று பெயர் வைக்க அந்த மனிதருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அட்டை போனால் வேலை போகும், பெட்டியும் போகும்.

பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். பட்டியலில் பதினோராவது பெயர் தையல்காரருடையது. 'அவசரம் ஏதுமில்லை' என்ற வரிக்கு மேல் அவர் பெயரை எழுதினால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் பேனாவை மூடினாள். கோபத்தோடு தாள்களை மறுபடி உறைக்குள் திணித்தாள். டாக்டர் மேல் பாதி, போன வருடத்துத் தன் மேல் பாதி.

அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர்.

"ஏங்க, வெள்ளிக்கிழமை பிள்ளைங்களை இறக்கிட்டு மூணு மணி வரைக்கும் வேன் சும்மாதானே நிக்கும்?"

"எதுக்கு?"

"முப்பத்தாறு பேரை ஏத்தணும்."

அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "உனக்கு வேலை போகும், எனக்கு வேன் போகும். ரெண்டு பேரும் ஜோடியா வீட்ல உக்காந்திருக்கலாம்." கொஞ்ச நேரம் முனகினார். பிறகு, "மூணு நடை அடிக்கணும். எல்லாரையும் எட்டரைக்கே ரெடியா இருக்கச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு டாக்டரின் அலுவலகத்தில் தணிக்கைக்கு வந்த பெண் அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் பூச்செண்டு, பிஸ்கட் தட்டு. வராந்தாவில் சலவைக்கடைக்காரர், கன்னம் வீங்கிய இரண்டு பிள்ளைகள், அவர்களின் அம்மாக்கள், கூரை ஓட்டுத் தொழிற்சாலைப் பெண்கள் என்று கூட்டம் நிரம்பி வழிந்தது. டாக்டர் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னம்மா இது? யாரு இவங்கள்லாம்?"

"நீங்க நேர்ல பார்த்தவங்க டாக்டர்." அவள் உறையைப் பிரித்து முப்பத்தாறு தாள்களையும் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கையெழுத்து முன்னாடியே வந்துருச்சு. பார்க்கறதுதான் பாக்கி."

அதிகாரி ஒரு தாளை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். காலிக் கோட்டையும் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வரம்பு மீறிப் போறம்மா நீ" என்று டாக்டர் பல்லைக் கடித்தார்.

"என் வரம்பு என் பெட்டி மூடியில ஒட்டியிருக்கு. இதோ, நீங்களே படிச்சுப் பாருங்க. இதுல எதை மீறினேன்?" அவள் குரல் வராந்தாவின் கடைசி பெஞ்சுவரை கேட்டது. "போன வருஷம் மீறினேன். பார்க்காததைப் பார்த்ததா எழுதினேன். அதையும் இந்த அம்மா எழுதிக்கட்டும். இந்த வருஷம் மாட்டேன்."

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, "ஆரம்பிங்க டாக்டர், நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

டாக்டர் கையுறையை மாட்டினார். முதல் பத்து வாய்களைக் கடனே என்று பார்த்தார். பதினோராவதாகத் தையல்காரர் உட்கார்ந்தார். நாக்கை நீட்டியதும் டாக்டரின் கை அப்படியே நின்றது. டார்ச்சை அருகே கொண்டுபோனார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு மாசமா உனக்குத் தெரியும். இது என்னன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"பேர் சொல்ல எனக்கு உரிமை இல்ல டாக்டர். வந்து பாருங்கன்னு சொல்லத்தான் உரிமை. பதினோரு தடவை சொன்னேன்."

டாக்டர் பேனாவை எடுத்தார். கடிதத்தை அங்கேயே எழுதினார். அவள் வீட்டுக்காரர் தையல்காரரை அதே வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று பள்ளிப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வீடு சேர்ந்தார்கள்.

பத்து நாள் கழித்துத் தையல்காரருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. நாக்கில் ஒரு பகுதி போய்விட்டது. உயிர் தப்பும் என்றார்கள். முன்னே மாதிரிப் பேச முடியாது என்றார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் நகக்கண் அளவு எடுத்தால் போதுமாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தால் அலுவலக உதவியாளர் காத்திருந்தார். கையில் அவளுடைய புதுப்பிப்புப் படிவம், டாக்டரின் கையெழுத்தோடு. ஒரே ஒரு இடம்தான் காலி: 'இந்த ஆண்டில் மேற்பார்வையாளர் நேரில் வந்த தடவைகள்.'

"பன்னெண்டுன்னு போட்டுருங்கக்கா. போட்டா அட்டை நாளைக்கே வந்துரும்."

அவள் நின்றபடியே சுவரில் படிவத்தை வைத்து எழுதினாள்.

'ஒருமுறையும் வரவில்லை. நாங்கள் போனது ஒருமுறை.'

கீழே அன்றைய தேதியைப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கு எடுத்துப்போகப் பெட்டியைத் துடைக்க உட்கார்ந்தாள்.