காரைக்கால் கடலில் சூரியன் மறைந்த அன்று

எங்கள் ஊரில் சூரியன் கடலுக்குள் இறங்காது. கடலிலிருந்து ஏறும். விடியலில் அலைக்கு மேலே ஈரத்தோடு எழுந்து, நாள் முழுக்க ஊரைக் காய்ச்சிவிட்டு, சாயங்காலம் திருநள்ளாறு பக்கத்து வயல்களுக்குப் பின்னால் போய் விழும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் பூகோளம் படிக்க வேண்டியதில்லை. துணி காயப்போடத் தெரிந்தால் போதும்.

அந்தச் சூரியனைக் கடலில் முக்கினார்கள், ஒரு தொலைக்காட்சித் தொடரில். முக்கினது சூரியனை மட்டுமல்ல. என்னையும் என் மனைவியையும் சேர்த்து.

போன வருஷம் பள்ளிக்கூடப் படிக்கட்டில் அவள் விழுந்தாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இடது முழங்கால் சில்லு உடைந்து, உள்ளே கம்பி வைத்துக் கட்டினார்கள். வாக்கர், பிறகு கைத்தடி, அப்புறம் என் வலது தோள். மாதக்கணக்கில் அவள் இடது கை என் தோளில்தான் இருந்தது. தர்மபுரத்தில் எங்கள் தெருவில் நாங்கள் நடந்தால் ஒரே ஆள் நாலு காலில் நடப்பதுபோல் இருந்திருக்கும். பிறகு ஒரு நாள் கையை எடுத்தாள். தினமும் விடியலில் கடற்கரைக்குப் போய் மணலில் தனியாக நடக்கத் தொடங்கினாள். நான் கொஞ்சம் பின்னால், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

அவளுக்கு இருந்தது ஒரே கேள்வி. "நொண்டுறேனா?"

"இல்ல."

"நீங்க எல்லாத்துக்கும் இல்லம்பீங்க. ரசத்துல உப்பு கம்மியான்னு கேட்டாலும் இல்லம்பீங்க."

டாக்டரும் இல்லை என்றார். அவரையும் நம்பவில்லை. என் போனில் படம் எடுத்துக் காட்டினேன். போனைத் தூக்கியதுமே கோயிலுக்குள் கலியாணப் பெண் போவதுபோல் நடந்தாள். "பாருங்க, கேமராவக் கண்டா காலு நடிக்குது" என்று அவளே அழித்துவிட்டாள். தெரியாமல் எடுக்கவும் பார்த்தேன். பின்னால் என் செருப்புச் சத்தம் நின்றுபோனதைக் காது கண்டுபிடித்துவிட, கால் உடனே விறைத்துக்கொண்டது.

பயம் இதுதான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். "பசங்க முத நாளே புடிச்சிடும். நான் போர்டு பக்கம் திரும்புனா போதும், பின்னால ஒண்ணு நடந்து காட்டும், மிச்சமெல்லாம் சிரிக்கும். காட்டட்டும். ஆனா அதுங்களுக்குத் தெரியிறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

அப்படியொரு விடியலில் அலையோரமாகவே போய்விட்டுச் சாலையை நோக்கி மணலில் ஏறி வந்தோம். மேலே ஒரு வேன், குடை, தெர்மாகோல் பலகைகள். சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கேமரா. நாங்கள் பக்கத்தில் போகும்வரை படம் பிடிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தொப்பி போட்ட உதவியாளர் ஒருவர் சிரித்தபடி வந்தார். "அக்கா, நீங்க அப்படியே ஃப்ரேம்ல வந்துட்டீங்க. பின்னாடி ஆள் நடமாட்டம் வேணும்னுதான் இருந்தோம், அதான் தடுக்கல. நல்லா வந்திருக்கு." தொடரின் பெயரையும் சொன்னார்.

திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்: "கேமரா இருந்தது எனக்குத் தெரியாதுல்ல. அப்ப அதுல இருக்கறதுதான் நெசமான நடை."

அன்றிலிருந்து தொடர் பார்க்க ஆரம்பித்தோம். நான், எழுதுகிற கதையில் வரி ஒன்று ஒழுங்காக விழவில்லையென்றால் தூக்கம் வராத ஆள், தினமும் சாயங்காலம் அந்தத் தொடரின் முன்னால். ஜெபமாலை சொல்லும் நேரமும் அது வரும் நேரமும் ஒன்றாக இருந்தன. ஜெபமாலை முன்னால் நகர்ந்தது. நகர்ந்ததோடு வேகமும் எடுத்தது.

விட்டுப்போன கதையைச் சொல்ல எதிர்வீட்டு முஸ்லிம் அக்கா வந்தார், எங்களுக்கு ராத்தா. அவருக்கு அந்தத் தொடரில் பிறந்தவர், செத்தவர், செத்துப் பிழைத்தவர் எல்லாரும் அத்துப்படி. என் எரிச்சலுக்கும் அவரே அணை போட்டார். தொடரில் ஒருத்திக்கு அறை விழுந்தது. கன்னத்தில் கை படுவதை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலிருந்து என்று காட்டினார்கள். அந்த வீட்டிலிருந்த ஒவ்வொருவர் முகத்துக்கும் ஒரு இடிச் சத்தம். சமையல்காரம்மாவுக்கும் ஒரு இடி. வாரம் முடியும்போதும் அந்தக் கன்னம் சிவக்கவில்லை. மருத்துவமனைப் படுக்கையில் பட்டுப்புடவை, காதில் ஜிமிக்கி, கையில் குளுக்கோஸ். மழை பெய்தது, கதாநாயகிமேல் மட்டும். அவளுக்குப் பின்னால் தென்னையில் பளீர் என்று வெயில்.

"ராத்தா, வெயில் அடிக்குது பாருங்க."

"நீங்க கதையப் பாருங்க தம்பி. தென்னைமரத்த ஏன் பாக்குறீங்க?"

"தென்னைமரத்தையும் சேர்த்துத்தானே காட்டுறாங்க."

"ஒங்களக் கூட வச்சிக்கிட்டு டீச்சர் எப்படித்தான் படம் பாத்தாங்களோ."

அவள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. கடல் வருமா என்பது மட்டும்தான் அவளுக்கு. பிரான்சிலிருக்கும் அண்ணனுக்கும் சொல்லிவிட்டாள். அவரும் அங்கே போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்துக்கு முந்தைய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. கதாநாயகன் பிரிந்து போகிறான், பொழுது சாய்கிறது. திரையில் எங்கள் கடல் விரிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன். ராத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். என் மனைவி நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

சூரியன் இறங்கியது. எங்கள் கடலில், கிழக்கில், மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் முங்கியது.

காலையில் எடுத்ததைத் தலைகீழாக ஓட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை. இன்னொரு முறை கேமராவைத் தூக்கிக்கொண்டு மேற்கே போக யாருக்கோ அலுப்பு. மணலில் உடைந்து கிடந்த நுரை தானாகக் கூடி, அலையாக எழும்பி, முதுகைக் காட்டிக் கடலுக்குத் திரும்பியது. ஒரு காக்கை வாலை முன்னால் நீட்டிப் பறந்தது. நாய் ஒன்று பின்னங்காலால் வழி தேடிப் பின்வாங்கியது. நடுவில், நானும் அவளும், சாலையிலிருந்து பின்பக்கமாகவே மணலில் இறங்கி, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

அது முடிவதற்குள் போன் அடித்தது. பிரான்ஸ்.

"மாப்ள, தங்கச்சி ஏன் பின்னாலயே போவுது? டாக்டர் அப்படித்தான் நடக்கச் சொன்னாரா?"

"இல்ல மச்சான், அது வந்து…"

"நீங்களும் கூடவே போறீங்க. ரெண்டு பேரும் கடல்ல எறங்கறாப்புல இருக்கு. ஒண்ணும் பிரச்சனை இல்லையே வீட்ல?"

ராத்தா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பின்பக்கமாக நடக்கிற யாராக இருந்தாலும் நொண்டுவதுபோல்தான் இருக்கும். இத்தனை வாரம் அந்த இடிகளையும் ஜிமிக்கிகளையும் பொறுத்துக்கொண்டது அந்த ஒரு நடைக்காக. அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

"ரெண்டாம் வகுப்புப் பையன் கண்டுபிடிப்பான் இத" என்றாள். குரல் வகுப்பறைக் குரலாக ஏறியிருந்தது. "நாம பாக்க மாட்டோம்னு நெனச்சிட்டாங்கள்ல? பாத்தாலும் இதுங்களுக்கு என்ன தெரியப்போவுதுன்னு."

எனக்கு இத்தனை நாள் வாயில் வராத சொல் அது. பொய் எனக்குப் பிடிக்கும். வரிக்கு வரி பொய் எழுதுகிறவன்தான் நான். நன்றாகச் சொன்ன பொய்க்கு முன்னால் கைகட்டி அழுதிருக்கிறேன். நாம் உற்றுப் பார்க்கமாட்டோம் என்று நம்பி அவசரத்தில் சொல்கிற பொய் இருக்கிறதே, அதுதான் மென்னியைப் பிடிக்கிறது. தென்னைமரத்தை ஏன் பார்த்தேன் என்றால், கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு நான் அங்கே உட்காரவில்லை, ராத்தா.

இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டி நான் சொல்லிக்கொண்டிருக்க, அவள் போனைக் கையில் எடுத்திருந்தாள். சனிக்கிழமை அத்தியாயம் தொடங்கும்போது, வழக்கம்போல, முந்தின நாள் கதையை மறுபடி போடுவார்கள். அந்த வழக்கத்தை எத்தனை முறை திட்டியிருப்பேன். மறுநாள் சாயங்காலம் அவள் டிவிக்கு எதிரே போனைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள். கடல் வந்தது, எடுத்துக்கொண்டாள்.

ஆன்லைன் வகுப்புக் காலத்தில் பாடத்துக்குப் படம் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டவள். என்னென்னவோ தட்டினாள். "இப்ப வாங்க."

சின்னத் திரையில் சூரியன் ஏறியது. காக்கைக்கு அலகு முன்னால் வந்தது. அலை கரைக்கு வந்து உடைந்தது. நாய் நாயாக ஓடியது. இருட்டிலிருந்து வெளிச்சத்தை முதுகில் வாங்கிக்கொண்டு இரண்டு பேர் மணலில் ஏறி வந்தார்கள். முன்னால் அவள், பின்னால் நான்.

ஓட்டினாள். மறுபடி ஓட்டினாள். நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இடது கால லேசா இழுக்கறேன்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன்.

"இல்லம்பீங்க, வேண்டாம். இழுக்கறேன். இவ்ளோதானா? நான் என்னென்னமோ நெனச்சிருந்தேன்." திரையை விரலால் பெரிதாக்கினாள். "அது கெடக்கட்டும். பின்னால வர்றது யாரு, இப்படிச் சாஞ்சிக்கிட்டு?"

பார்த்தேன். என் வலது தோள் இறங்கியிருந்தது. கனமான ஒரு கை மேலே இருப்பதுபோல, அதற்கு வாகாக உடம்பையே வளைத்துக்கொண்டு, மணலில் ஒரு ஆள் வந்துகொண்டிருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

"கைய எடுத்து எவ்ளோ நாளாச்சு" என்றாள். சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தி, என் தோளைத் தொட்டாள். "பசங்க ஒங்களப் பாக்கணும். நடந்து காட்டறதுக்கு நல்ல ஆளு."

ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னால் கடற்கரைக்குப் போனோம். அன்று அவள் என்னை முன்னால் விட்டாள். வானம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நான் நடந்தேன். பின்னால் அவள் செருப்பு ஒன்று சரியாக விழ, ஒன்று கொஞ்சம் இழுத்து விழுவது கேட்டது.

"தோள ஏத்துங்க" என்றாள், வரிசையைச் சரிசெய்யும் குரலில். "இன்னும். ஆங், அப்படியே போங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் வர்றேன்."