ஆப்பிரிக்காத் துரையும் தப்புச் சத்தமும்

அவர்கள் இருவரும் காட்டுக்குப் போனது ஓர் ஓணானைப் பிடிக்க. மூக்கு நுனியில் கொம்பு நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ஓணான். "இந்தக் கருமத்தப் புடிக்க இந்தக் குளிர்ல போகணுமா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "தொரை கூப்பிடறாரு, போகாம இருக்க முடியுமா புள்ள?" என்று சொல்லிவிட்டு, கம்பளியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு துரைக்குப் பின்னால் நடந்தார். எனக்கு வாய் நீளம். அன்றைக்கும் அவர் காது கேட்கும் தூரம் தாண்டும்வரை ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

கந்தப்பளைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரிய துரைக்கு, என் வீட்டுக்காரரைக் கூட்டிப்போன இந்தக் கிழவர் சித்தப்பா முறை. இலங்கை சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும், அப்போதுதான் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து பங்களாவில் தங்கினார். பெட்டிகளைத் திறந்தால் காய்ந்த குருவிகள், மான் கொம்புகள், ஊசி குத்திய பட்டாம்பூச்சிகள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்பதால் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்துச் சனம் அவருக்கு ஆப்பிரிக்காத் துரை என்று பேர் வைத்தது. பங்களாக் குசினியில் எனக்குச் சமையல் வேலை, லயத்தில் எல்லாருக்கும் நான் ஆயி. அவருடைய துப்பாக்கியைத் தூக்குவதும், சுட்ட குருவிக்குத் தோல் உரித்துப் பஞ்சு அடைப்பதும் என் வீட்டுக்காரருக்கு வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான், அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

துரையின் கதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கேட்டதுதான். பங்களாவில் வளர்ந்தவள் நான், இங்கிலீசு பேச வராது, ஆனால் காதில் விழுவது புரியும். மீசை முளைத்த வயதில் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவுக்குப் போயிருக்கிறார். சண்டை முடிந்தபின் ஊருக்குத் திரும்பப் பிடிக்கவில்லை. சுமைகூலிகளை வரிசையாக நடக்கவைத்து, ஒரு பெரிய ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்க்கக் கிளம்பினார். வழியில் கண்ட பறவை, பாம்பு, தவளை எல்லாவற்றையும் பிடித்துச் சீமைக்கு அனுப்பினார். ஒரு தவளைக்கு அவருடைய பேரையே வைத்தார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் குழந்தை முகமாகிவிடும். கூட வந்த சிநேகிதர் ஒருவர் காய்ச்சலில் செத்து, அவரை ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு நடந்தாராம். கலியாணமே பண்ணிக்கொள்ளவில்லை.

இன்னொரு கதையும் உண்டு. விருந்தாளிகள் வந்து, குடி கொஞ்சம் ஏறினால் சொல்வார். சண்டைக் காலத்தில் ஒரு காட்டில் மூன்று நாள் சுற்றிவளைக்கப்பட்டுக் கிடந்தார்களாம். எதிராளிகள் நாலா பக்கமும் முரசு அடித்துக்கொண்டே இருந்தார்கள். கூலிகளில் ஒருவன் பயந்துபோய் முரசு கேட்ட பக்கமாக ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தால் இவர்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவான். "ஓடினான், சுட்டேன்" என்பார் துரை. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிக்கும் தப்புப் பறை பங்களாவுக்குக் கேட்காது, நடுவில் ஒரு மலை மறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் மாசி மாதம் காமன் கூத்து ஆடினால் தப்புச் சத்தத்தில் ஊரே அதிரும். முதல் வருஷமே ஆப்பிரிக்காத் துரை துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர்தான் கதவருகில் உட்கார்ந்து பேசிப்பேசி வெளியே கொண்டுவந்தார். "இது வெளியே போகக் கூடாது" என்றார் பெரிய துரை. நாங்கள் மூச்சு விடவில்லை. அப்புறம் ஒவ்வொரு மாசிக்கும் கிழவரைக் காரில் ஏற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போய்விடுவார்கள்.

கடைசி ஒரு வருஷமாக அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. என்னிடமே, "கூலிகள் சாப்பிட்டார்களா?" என்று கேட்பார். "சாப்பிட்டாங்க தொரை" என்று சொல்லிவைப்பேன். எந்தக் கூலி, எந்த ஊர் என்று கேட்டு என்ன ஆகப் போகிறது?

ஓணானுக்குப் போனவர்கள் பொழுது சாய்ந்தும் வரவில்லை. பெரிய துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். புதிதாக வந்திருந்த சின்னத் துரை, பாவம், இளம் பையன், அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. விடிந்ததும் பொலிசுக்குச் சொல்லக் காரை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனார். காட்டில் தேடும் பொறுப்பு வேலையாட்களை நடத்தும் பெரிய கங்காணியின் தலையில் விழுந்தது.

எங்கள் ஆட்கள் காட்டில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பேர் சொன்னால் முனி அதே குரலில் பதில் கொடுத்து ஆளை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். யாராவது வழி தவறினால், தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் நின்று தப்பு அடிப்பார்கள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு காணாமல் போனவர் வந்து சேர்வார். விறகுக்குப் போன எத்தனையோ பேர் அப்படி வந்திருக்கிறார்கள். பெரிய கங்காணியும் அதைத்தான் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

நான் பிளாஸ்கில் தேத்தண்ணியும், துணியில் ரொட்டியும் கட்டிக்கொண்டு ஓடினேன். இரவெல்லாம் கொட்டிய பனியில் அந்த ஒற்றைக் கம்பளி எத்தனை பேருக்குக் காணும்? அவர் அதைத் துரைக்குத்தான் போர்த்தியிருப்பார், எனக்குத் தெரியும். மேலே போய்ச் சேரும்போதே தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. நாலு பேர் பாறைமேல் நின்று மாற்றி மாற்றி அடித்தார்கள். முன்னால் ஒன்றுமே தெரியாத மூடுபனி. அந்தச் சத்தம் நெஞ்சில் விழுந்ததும்தான் எனக்குச் சுரீர் என்றது. காமன் கூத்து, குளியலறை, ஓடின கூலி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது.

வாயைத் திறப்பதற்குள் காட்டுக்குள் வெடிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வெடி. மலைக்கு மலை மோதி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் உருண்டது.

"உசிரோட இருக்காங்கடா" என்றார் பெரிய கங்காணி. "தொரை வெடி வச்சு பதில் குடுக்கிறாரு. நல்லா ஓங்கி அடிங்க." தப்பு இன்னும் பலமாக விழுந்தது. சனத்துக்குச் சந்தோசம். ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நிறுத்துங்க" என்றேன். யார் காதிலும் விழவில்லை. கங்காணியின் முன்னால் போய் நின்றேன். "நிறுத்தச் சொல்லுங்க. தப்புச் சத்தம் அந்தத் தொரைக்கு ஆகாது. சண்டை வந்திருச்சுன்னு நெனைப்பாரு. சத்தம் வர்ற பக்கம் யாரு நடந்தாலும் சுட்டுருவாரு."

"ஒனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? நம்ம ஆள தொரை ஏன் சுடப் போறாரு? இத்தன வருசமா தொப்பி மொதக்கொண்டு எடுத்துக் குடுக்கறவன்."

"அவருக்கு இப்ப நம்ம ஆளு யாருன்னே தெரியாது கங்காணி."

"தப்ப நிறுத்துனா அவங்களுக்கு வழி எப்படித் தெரியும்? ஒன் புருசன் இந்தப் பனியில வெறச்சுச் செத்தா நீ பதில் சொல்லுவியா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அடித்தால் துரை சுடுவார், அடிக்காவிட்டால் என் வீட்டுக்காரர் வழி தெரியாமல் சாவார். எதைச் செய்தாலும் என் புருசன்தான் போவார். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். அப்புறம் பாறைமேல் ஏறி, பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கி முறித்தேன். இன்னொருவன் தப்பைப் பிடித்துத் தொங்கினேன். "ஆயி பேய் புடிச்சவ மாதிரி பண்றாளே" என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். அடி நின்றது.

காடு முழுக்க அமைதி. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள், இனி என்ன செய்யப் போகிறாய் என்று. எனக்கும் தெரியவில்லை. துரையை எது வீட்டுக்கு வரவழைக்கும் என்று யோசித்தேன். குருவி பின்னால் போய்த் தோட்டத்தில் எங்கே நின்றாலும், நான் குசினி வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார். அதையே செய்தேன். நடுங்காத குரலில், தினமும் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன்.

"டீ ரெடிங்க தொரை."

ஒருவன் களுக்கென்று சிரித்தான். கங்காணி அவனை முறைத்தார். நான் மறுபடி கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். என் புருசன் பேரை ஊரறியக் கத்த வேண்டும் போல இருந்தது, அதை விழுங்கிக்கொண்டு தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மூங்கில் புதர் அசைந்தது. துரை வந்தார். ஒரு காலில் சப்பாத்து இல்லை, வெறுங்கால். உடம்பைச் சுற்றி எங்கள் கம்பளி. கங்காணி மெதுவாகப் போய் அவர் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கினார், கிழவர் சும்மா கொடுத்துவிட்டார். பாறைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

பின்னால் யாரும் வரவில்லை.

பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றினேன். பாதி என் கையில்தான் கொட்டியது. சுட்டதா என்று தெரியாது. அவர் இரண்டு வாய் குடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பயமுறுத்தினால் வாயை மூடிக்கொள்வார்.

"எங்க வீட்டுக்காரரு எங்கங்க தொரை?"

வீட்டுக்காரர் என்ற தமிழ் வார்த்தை அவருக்குத் தெரியும். மூடியில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார். பிறகு இங்கிலீசில், மேசையில் சொல்கிற அதே குரலில், "ஓடினான்" என்றார்.

கூட்டத்தில் வேறு யாருக்கும் அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "நில், நில் என்று இரண்டு தரம் சொன்னேன்" என்றும் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. யாருக்காக அழுதார், ஆப்பிரிக்காக் கூலிக்கா, என் புருசனுக்கா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பனி விலகத் தொடங்கியது. என் வீட்டுக்காரரைத் தேடி வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பாறைக்குக் கீழே, மூங்கில் புதரைத் தாண்டியதும் கிடந்தார். முதுகில் குண்டு பட்டிருந்தது. இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன, தலை எங்கள் பக்கம். உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன். தப்பு அடித்த பாறையும், அதன்மேல் நின்ற நாலு பேரும் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தார்கள். பனி மட்டும் இல்லாவிட்டால் அவரை நாங்களே பார்த்திருப்போம்.

பெரிய கங்காணி பக்கத்தில் வந்து, மண்ணில் உட்கார்ந்து, தலையில் கையை வைத்துக்கொண்டார். "நம்ம சத்தத்தக் கேட்டுத்தானே ஆயி ஓடியாந்திருக்கான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன். "கூப்பிட்டோம், வந்துட்டாரு."