பரிசோதனைக் கூடத்துப் பழைய ஹார்ட் டிஸ்க்

மார்த்தாண்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். 2009 என்று நினைவு. வந்தவர்களின் பெயர், ஊர், பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே டேட்டாபேஸில், ஒரே ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. மழை தொடங்கிய வாரம் அந்த டிஸ்க் முனக ஆரம்பித்தது. கூடத்தை நடத்திய டாக்டரிடம் சொன்னேன். புதியது ஒன்று வாங்கித் தந்து, கூடத்து மேனேஜரான தன் மச்சினனையும் உதவிக்கு அனுப்பினார்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். கம்பளி போல் தூசி, கரப்பான் முட்டைகள், காய்ந்த பல்லி ஒன்று. மூக்கைக் கட்டிக்கொண்டு துடைத்தேன். மேனேஜர் தள்ளி நின்று சிப்ஸ் தின்றார்.

"அந்த ஃபைல அப்படியே இழுத்துப் புதுசுல போட்டாப் போராதா பிள்ளே?"

"போராது சார். டேட்டாபேஸ் ஓடிக்கிட்டு இருக்கப்போ காப்பி பண்ணுனா அரைகுறையாத்தான் வரும். பொறவு திறக்காது."

புதிய பதிவுகளை நிறுத்தி, முறைப்படி பேக்கப் எடுத்தேன். டிவிடியிலும் ஒரு பிரதி வைத்தேன். புதிய டிஸ்கில் ஏற்றி, இரண்டு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். ஒத்துப்போனது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்து பார்க்கத் தொடங்கினேன்.

"நானும் பாக்கேன்" என்று எண்ணெய்க் கையோடு மவுஸை வாங்கினார். உதவுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு பெண்ணின் பெயரை அடித்தார்.

"நம்ம சர்ச்சுல பாடுத பிள்ளை. கல்யாணம் ஆகாதவளுக்கு என்னத்துக்கு கர்ப்ப டெஸ்ட்? பாத்தியா?"

சிரித்தார். அடுத்து பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை அடிக்கத் தொடங்கினார். நான் மானிட்டரை அணைத்தேன்.

"எல்லாம் சரியா வந்திருக்கு சார். போதும்."

"அப்போ அந்தப் பழையத எனக்குத் தா. படம் போட்டு வைக்கலாம்."

சாகப்போகிற டிஸ்கில் என்ன படம் நிற்கும்? புதியது ஒழுங்காக ஓடட்டும், பிறகு தருகிறேன் என்று என் மேசையில் வைத்துப் பூட்டினேன். அவர் போனதும் மவுஸை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அப்படியும் தொடப் பிடிக்கவில்லை.

டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலை நிமிராமல், "அவன் தமாசுக்குப் பேசியிருப்பான். டிஸ்கைக் குடுத்திரும்மா, எதுக்குச் சண்டை?" என்றார்.

ஒரு வாரம் புதியது பிசகாமல் ஓடியது. பழையதை மறுபடி மாட்டி, முழுவதும் பூஜ்யங்களை எழுதி அழித்து, மேனேஜரிடம் கொடுத்தேன். மறுநாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுல ஒண்ணும் இல்லியே?"

"படம் போடத்தானே கேட்டீங்க சார்."

ஆனால் வாயை அழிக்க வழியில்லை. அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் அம்மா வந்து, கவுண்டரில் நின்ற என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"எனக்க மவளுக்கு நாள் தள்ளிப்போச்சுன்னு டாக்டரு எழுதுன டெஸ்ட் அது. ஒண்ணும் இல்லைன்னுதான் வந்துது. வந்த கல்யாண ஆலோசனை கலைஞ்சு போச்சு. யாரு பிள்ளே வெளிய சொன்னது?"

மேனேஜர்தான் சொன்னார் என்றேன். அந்த அம்மா நேராக டாக்டரின் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. அவர் உள்ளே பேசியது காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாளிலிருந்து மேனேஜர் வரவில்லை. அவருக்கு மார்த்தாண்டத்திலேயே ஒரு மருந்துக்கடை வைத்துக் கொடுத்தார் டாக்டர். நான் அந்தப் பக்கம் மாத்திரை வாங்கப் போனதில்லை.