போர்டு ரூம் கார்ப்பெட்டில் ஒட்டிய சூயிங்கம்

காலையில் போர்டு ரூமில் பெரிய நாற்காலியை நகர்த்தினேன்.

கார்ப்பெட்டில் சூயிங்கம்!

யாரோ துப்பி, யாரோ மிதித்து, நாற்காலிச் சக்கரமும் ஏறி இறங்கி, நூலுக்குள் நன்றாக இறங்கியிருந்தது. (குப்பைத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அது அலங்காரத்துக்கு!)

தெரியாதவர்களுக்காக: ஒரகடத்தில் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட்.

இன்று வெளிநாட்டு கஸ்டமர் விசிட். உட்காரப்போவது இதே ரூமில்.

கண்ணாடிக் கதவில் கறை என்று போன வாரம்தான் என்மேல் ஒரு கம்ப்ளெயின்ட். எங்கள் சூப்பர்வைசர் தயாளன் சார் அன்றே சொல்லிவிட்டார்.

"தோ பாரு செல்வி, இன்னொரு கம்ப்ளெயின்ட் வந்துச்சின்னா உன்ன வேற சைட்டுக்குத் தூக்கிப் போட்டுடுவேன். அப்பால என்னாண்ட வந்து அழக் கூடாது."

வேறு சைட் என்றால் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம். அங்கிருந்து எங்கள் ஊர் வடக்குப்பட்டு வந்து சேர இருட்டிவிடும். இங்கே என்றால் என் மகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் நான் வீட்டில் இருப்பேன்.

அங்கே போனால் இருட்டும்வரை அவள் பூட்டிய வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் அந்தக் கம் போயே ஆக வேண்டும்.

தயாளன் சார் எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது! மெஷின் லைன்ல பண்ற மாதிரி பெயின்ட் தின்னர் ஊத்தித் தேச்சுடு!"

"அது வெறும் தரை சார். இங்க ஊத்துனா அடியில கீற பசை வுட்டுடும். ரூமே நாறும்."

"இன்னாவோ பண்ணு. கெஸ்ட்டு கேட்டாண்ட வந்துட்டாங்க!"

அவர் ஓடிவிட்டார்.

கம்முக்கு மருந்து ஐஸ்தான். கல் மாதிரி இறுகிவிட்டால் நூலை விட்டுப் பிரிந்து வரும். ஆனால் கேன்டீன் அந்தக் கோடியில். பக்கத்தில் இருப்பது ஃபர்ஸ்ட் எய்டு ரூம்.

ஓடினேன்.

"சிஸ்டர், ஒரு ஐஸ் பேக் குடுங்க, சீக்கிரம்!"

நர்ஸ் பதறிப்போய் எடுத்துக் கொடுத்தார். "யாருக்கும்மா அடி? எங்க?"

"அப்பறம் சொல்றேன் சிஸ்டர்!"

அங்கேதான் தப்பு செய்தேன். அடிபட்ட ஆள் இல்லாமல் எங்கள் கம்பெனியில் ஐஸ் பேக் வெளியே போகாது. போனால், எங்கேயோ யாரோ விழுந்து கிடக்கிறார் என்று அர்த்தம்!

நான் கதவைத் தாண்டுவதற்குள் சிஸ்டர் சேஃப்டி ஆபீசருக்குப் போன் போட்டு, நான் போர்டு ரூம் பக்கம் ஓடுவதைச் சொல்லிவிட்டார். அவர் வாசலில் இருக்கிற 'விபத்தில்லா நாட்கள்' போர்டைப் பெற்ற பிள்ளை மாதிரி காப்பாற்றுகிறவர். விசிட் நாளில் அவருக்கு இப்படி ஒரு போன்!

இது எதுவும் தெரியாமல் நான் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து, கம்மின் மேல் ஐஸ் பேக்கை அழுத்திக்கொண்டிருந்தேன். வல்லக்கோட்டை முருகனையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

கம் இறுகிவிட்டது. இரும்பு ஸ்கிரேப்பர் நூலை அறுத்துவிடும் என்பதால், கழுத்தில் தொங்கிய ஐடி கார்டின் ஓரத்தால் சுற்றிலும் மெதுவாக நெம்பினேன்.

படாரென்று கதவு திறந்தது.

"அசையாதம்மா! அப்படியே படு!"

சேஃப்டி ஆபீசர். பின்னால் வீல் சேரோடு ஒரு செக்யூரிட்டி. தரையில் கிடக்கும் என்னைப் பார்த்து சேஃப்டி ஆபீசருக்கு முகமே வெளுத்துவிட்டது.

"சார், எனக்கு ஒண்ணும் ஆவல சார்!"

"எல்லாரும் முதல்ல அப்படித்தாம்மா சொல்லுவாங்க! அடி எங்க?"

அதற்குள் செய்தி கேள்விப்பட்டுத் தயாளன் சார் பறந்து வந்தார். "செல்வி! இன்னாச்சும்மா!" என்று கத்திக்கொண்டே வந்தவர், வீல் சேரின் இரும்புச் சட்டத்தில் முழங்காலை மடேர் என்று இடித்துக்கொண்டார்.

"ஐயோ!" என்று அதிலேயே உட்கார்ந்தும்விட்டார். (ஆக, அடிபட்ட ஆள் கிடைத்துவிட்டார்!)

சரியாக அந்த நேரத்தில் பிளான்ட் ஹெட் கெஸ்ட்டுகளோடு உள்ளே வந்தார்.

வீல் சேரில் ஒருவர். தரையில் நான். நடுவே சேஃப்டி ஆபீசர்.

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

சேஃப்டி ஆபீசர் தொண்டையைச் செருமினார்.

"மாக் ட்ரில் சார்! விபத்து நடந்தா என்ன பண்றதுன்னு ஒத்திகை!"

கெஸ்ட்டுகள் கை தட்டினார்கள்! ஒருவர் போட்டோகூட எடுத்தார். தயாளன் சார் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கைத்தட்டலுக்கு நடுவில் கம் முழுசாகப் பெயர்ந்து என் கைக்குள் வந்தது. கார்ப்பெட்டில் ஒரு தழும்புகூட இல்லை. மூடிய கையோடு எழுந்து கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் தயாளன் சார் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பிளான்ட் ஹெட்டுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாம். இனிமே எந்த கெஸ்ட்டு வந்தாலும் இத்தப் பண்ணணுமாம். நான் முடியாதுன்னு சொல்லிட்டேன், முட்டி போச்சு. ட்ரில்லுக்கு உன் பேரக் குடுத்துட்டேன்."

"சார், அப்ப வேற சைட்டு...?"

"எங்கம்மா அனுப்புறது? ட்ரில்லுல இனிமே அடிபட்ட ஆளே நீதான். ஆள மாத்தக் கூடாதுன்னு சேஃப்டி ஆபீசரு சொல்லிட்டாரு!"

சாயங்காலம் மகளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்துவைத்தேன். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

அடுத்த விசிட்டில் எனக்கு மயக்கம் வர வேண்டுமாம். வாழ்க்கையில் நான் மயங்கி விழுந்ததே இல்லை. எந்தப் பக்கம் விழுந்தால் அடிபடாது? தெரிந்தவர்கள் கமென்டில் சொல்லுங்கள், ப்ளீஸ்!